அவர் காட்டாத கால்கள்

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அவளைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, விரலில் ஒரு முடிச்சு தட்டியது. புளியங்கொட்டை அளவு இருக்கும். மேல்தோல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, முடிச்சு நகரவில்லை. அழுத்திப் பார்த்தேன். பிள்ளை அழவில்லை, கூசுகிறது என்று சிரித்தாள். வேறொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். எனக்கு வந்தது கோபம். அதே இடத்தில் அதே மாதிரி ஒரு முடிச்சை நான் ஏற்கெனவே தொட்டிருக்கிறேன். அது என் கணவர் காலில் இருந்தது.

நான் குரங்கணியில் பிறந்தவள். என் தகப்பனார் மேலே ஏலத்தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் வந்த கடிதத்தை வாசித்துக் காட்டியும் பிழைத்தார். எனக்கும் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். பதினாறு வயதில் என்னைச் சிலமலையில் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். கிணறும் தோட்டமும் இரண்டு ஜோடி மாடும் இருந்த வீடு. மாப்பிள்ளை கௌரவமான ஆள் என்று ஊரே சொன்னது. மற்ற ஆண்கள் கோவணத்தோடு ஏர் பிடித்தபோது அவர் மட்டும் கணுக்கால் தொடும் வேட்டியோடு வரப்பில் நின்று வேலை வாங்குவார். ஊரார் கிணற்றுக்கு வருவதற்கு முன்பே குளித்துவிடுவார். அதையெல்லாம் கௌரவம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கல்யாணமான முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும், தொடையில் ஒரு பக்கமும், கல்லைத் தோலுக்குள் வைத்துத் தைத்தது போல முடிச்சுகள். கேட்டேன்.

"சின்ன வயசுல மாடு ஒதைச்சது" என்றார்.

ஒரே மாடு இரண்டு காலிலும் தொடையிலும் பார்த்துப் பார்த்து உதைத்ததா என்று நான் கேட்கவில்லை. புதுப்பெண். நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிள்ளையின் காலில் முடிச்சைக் கண்ட அன்று, ஈரத்தலையோடு அவளைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போனேன். அவர் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, இதத் தொட்டுப் பாருங்க. இவளையும் மாடு ஒதைச்சுச்சா?"

அவர் தொடவில்லை. வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சத்தம் போடாத. தங்கச்சிக்கு ராசிங்காபுரத்துல பேசி முடிக்கப் போறோம். இந்த நேரத்துல நீ வாயத் திறந்தீன்னா அவ வீட்டோடதான் கிடக்கணும். அந்தப் பாவம் ஒனக்கு வேணுமா?"

எனக்கு வேண்டாம். என் நாத்தனார் நல்ல பெண், என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள். அவளுக்காக வாயை மூடினேன். கல்யாணம் முடிந்தது. முடிந்த பிறகும் அவர் பேச விடவில்லை. கட்டிக் கொடுத்த இடத்தில் அவளைக் கேவலமாகப் பேசுவார்கள் என்றார். பொய்யைக் காப்பாற்றுவதற்கு ஒரு காரணம் தீர்ந்தால் இன்னொன்று தயாராக இருந்தது.

மகள் வளர வளர முடிச்சுகளும் வளர்ந்தன. ஆறு வயதில் வலது மணிக்கட்டில் ஒன்று புடைத்தது. கையை மறைக்க முடியுமா? மாமியார் பார்த்துவிட்டார். அன்றைக்கே வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. மலைத் தண்ணி குடிச்ச வீட்டுல பொண்ணு எடுக்காதீகன்னு அன்னைக்கே சொன்னேன். கிரகணத்தன்னைக்கு வயித்துப் பிள்ளையோட அருவாமணைல ஒக்காந்து காய் நறுக்குனாளே, அதான் இப்படி முடிச்சு முடிச்சா வந்திருக்கு."

கிரகணத்தன்று சாத்திய கதவுக்குள் நான் பட்டினி கிடந்தேன். கதவைச் சாத்தியதே மாமியார்தான். சொன்னேன். யார் கேட்டார்கள்? ஊருக்குக் கிரகணக் கதைதான் பிடித்திருந்தது. கோவிலில் என் பக்கத்தில் நின்ற மாசமான பெண்கள் தள்ளிப் போய் நின்றார்கள். அத்தனை பேச்சும் நடக்கும்போது என் கணவர் அதே வீட்டில், அதே முடிச்சுகளை வேட்டிக்குள் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "விடு ஆத்தா" என்று தன் தாயிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மோர் ஊற்றச் சொன்னார்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். எலும்பு கட்டுகிறவர் ஒருவர் வந்து, முடிச்சைக் கரைக்கிறேன் என்று கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்தார். பிள்ளை கத்திய கத்தலில் மாடு மிரண்டது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். அவிழ்த்தபோது தோல் உரிந்திருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது. பிள்ளை நன்றாக ஓடினாள், விளையாடினாள், மரம் ஏறினாள். அவளுக்கு வலியைக் கொடுத்தது முடிச்சு அல்ல, வைத்தியம்தான். அதைக்கூடப் பார்க்கத் தெரியாத கூட்டம்.

ஏழு வயது முடிந்த சமயம், என்னைக் கடலைக்காட்டில் களை வெட்ட அனுப்பினார்கள். உச்சிவெயிலில் திரும்பி வந்தேன். தெருமுனையிலேயே என் மகளின் சத்தம் கேட்டது. அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன் அவளிடம் நான் கேட்டதில்லை. ஓடினேன். முற்றத்தில் எலும்பு கட்டுகிற அதே ஆள், கையில் காய்ச்சிய கம்பி. முழங்காலுக்குக் கீழே இருந்த முடிச்சின்மேல் மூன்று கோடு இழுத்து முடித்திருந்தான். மாமியார் பிள்ளையின் தலையை மடியில் அமுக்கியிருந்தார். கால்களைப் பிடித்திருந்தவர் என் கணவர்.

பிள்ளையைப் பிடுங்கித் தூக்கினேன். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வைத்தியரே, கம்பி சூடு ஆறுமுன்ன இன்னொரு கால் இருக்கு, அதுக்கும் போட்டுட்டுப் போங்க. இந்தா நிக்கிறாரே, இவரு காலு."

என் கணவர் என்னை அறைந்தார். வைத்தியருக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியாருக்குப் புரிந்தது. அவர் முகத்தை அப்போது பார்த்தேன், மகனின் கால் அவருக்குத் தெரியாதது அல்ல என்று எனக்கும் புரிந்தது. அன்று மாலையே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குரங்கணிக்கு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை.

குரங்கணியில் என் அண்ணன் பொதிமாடு ஓட்டிக்கொண்டிருந்தார். அரிசியை மலைமேல் ஏற்றுவார், ஏலக்காயைக் கீழே இறக்குவார். நானும் மலைக்குப் போய் ஏலக்காய் பறித்தேன். இரண்டு வருடம் யாரும் என் பிள்ளையைத் தொடவில்லை. எனக்கு அதுவே பெரிய வைத்தியமாகப் பட்டது. ஒன்பது வயதில் அவள் வாசற்படியில் தட்டித் தட்டி விழத் தொடங்கினாள். இடது பாதத்தின் முன்பக்கம் தூக்கவில்லை. நடக்கும்போது பாதம் தொங்கி, சப்பென்று தரையில் அடித்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்து அதட்டினேன். பிறகு பாதத்தின் மேல்பக்கம் கிள்ளினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிள்ளியது அவளுக்குத் தெரியவே இல்லை.

அண்ணன் மாட்டின்மேல் சாக்கு விரித்து அவளை உட்காரவைத்தார். மூன்று பேரும் மலை ஏறினோம். மேலே ஒரு தோட்டத்தில் கூலிக்காரர்களுக்காக மருந்துக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே மலையாளத்து டாக்டர் ஒருவர், முப்பது வயதுகூட இருக்காது. வெளியே பனி மூடியிருந்தது. பிள்ளையைத் தொடுவதற்கு முன் அவர் கைகளைக் கரியடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டார். என் மகளைத் தொட வந்தவர்களில் அப்படிச் செய்தது அவர் ஒருவர்தான்.

"பேடிக்க வேண்டாம், மோளே. நான் ஒண்ணும் செய்யமாட்டேன், பார்க்க மட்டும்தான்" என்றார்.

தலையிலிருந்து கால்வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். நாடாவால் இரண்டு கைகளையும் அளந்தார். வலது கை சற்றுக் குட்டையாக, வில் மாதிரி வளைந்திருந்ததை அன்றுதான் நான் கவனித்தேன். எனக்குத் தெரிந்து ஆறு முடிச்சு. அவர் பதினொன்று கண்டுபிடித்தார். விலாவில் ஒன்று, தோள்பட்டையில் ஒன்று. இடது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஒன்றைத் தொட்டதும் பிள்ளைக்குப் பாதம்வரை சுரீர் என்று இழுத்தது. சூட்டுத் தழும்பில் வந்ததும் அவர் கை நின்றது.

"இது ஆரு செஞ்சது?"

"வைத்தியர்" என்றேன்.

"தோலைச் சுட்டால் எலும்பு கரைஞ்சு போகுமோ?" என்று கேட்டார். என்னைத்தான் திட்டுகிறார் என்று தலையைக் குனிந்தேன். பிறகு அவர் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். "வீட்ல வேற ஆருக்கு இது உண்டு?"

"யாருக்கும் இல்ல" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. அத்தனை வருடப் பழக்கம். அண்ணனுக்குக்கூட நான் சொன்னதில்லை. டாக்டர் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதில் ஒரு வெள்ளைக்காரனின் படம், சட்டையில்லாமல். முழங்கால், மணிக்கட்டு, தோள், எல்லா இடத்திலும் முடிச்சு. அவன் பக்கத்தில் சின்னப் பையன் ஒருவன், அவனுக்கும் அதே.

"இது தகப்பன், இது மகன்" என்றார் டாக்டர். "இது கட்டி அல்ல, சாபம் அல்ல. எலும்புதான். எலும்பு நீளமா வளர்ற இடத்துல பக்கவாட்டுலயும் வளர்றது. ரத்தத்துல வர்றது. பெரும்பாலும் அச்சன்கிட்டேந்தோ அம்மகிட்டேந்தோ வரும். அதான் கேட்கிறேன்."

அந்தப் படத்தில் இருந்தவன் வெட்கமில்லாமல் தன் உடம்பைக் காட்டிக்கொண்டு நின்றான். மகனுக்காகத்தான் நின்றிருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

"இவ அப்பனுக்கு இருக்கு" என்றேன். "ரெண்டு கால்லயும். தொடையிலயும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏ ஆத்தா, இத இம்புட்டு நாளா மனசுல வச்சிக்கிட்டா எல்லார் பேச்சையும் கேட்டே?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் சொன்னார். நசுக்காதே, தேய்க்காதே, சுடாதே. வலிக்காத முடிச்சை அப்படியே விடு. இவள் வளர்த்தி நிற்கும்போது இதுவும் வளர்வதை நிறுத்திவிடும். நரம்பை அழுத்துகிற இந்த ஒன்றை மட்டும் சீக்கிரம் எடுக்க வேண்டும், நாள் கடந்தால் பாதம் திரும்பாது. பெரியவளான பிறகு எந்த முடிச்சாவது புதிதாகப் பெருத்தாலோ வலித்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. "அவ அச்சனுக்கும் இதைச் சொல்லுங்க" என்றார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கத்தி வைக்கத் தகப்பன் சம்மதம் கேட்பார்கள், அவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்.

பெற்றவள் நான். சுமந்தவள் நான். கைநாட்டு அவருடையது வேண்டுமாம்.

சிலமலைக்குப் போனோம். களத்தில் கம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பங்காளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். நாத்தனாரும் இருந்தாள். நாலு வயது மகனோடு தாய்வீட்டில் கிடக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் கடிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னார்.

மாமியார் முந்திக்கொண்டார். "பொட்டப்புள்ள கால வெட்டிட்டா எவன் கட்டுவான்? இவ கொண்டாந்த சீக்கு, இவ வீட்டோட வச்சிக்கிரட்டும். எம்மகன் எதுக்குக் கைநாட்டு வைக்கணும்?"

என் கணவர் கம்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பங்காளிகள் பக்கம் திரும்பவில்லை. நேராக அவரிடம் போய் நின்றேன். "உங்க மகளுக்குக் காலு விளங்காமப் போகுது. நான் கொண்டாந்த சீக்குன்னு உங்க ஆத்தா சொல்றாக. சரி. வேட்டிய முழங்காலுக்குத் தூக்குங்க. எல்லாரும் பாத்துட்டு, யாரு கொண்டாந்ததுன்னு சொல்லட்டும்."

ஒரு பங்காளி, "பொம்பள பேசுற பேச்சா இது?" என்று சீறினார். என் கணவர் அசையவில்லை. இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், யாரோ அவிழ்க்க வருவது போல. என் மகள் என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று தகப்பனையே பார்த்தாள். ஒரு சாண் துணி. அவ்வளவுதான் கேட்டேன்.

அப்போது என் நாத்தனார் எழுந்தாள். அத்தனை ஆண்களுக்கும் நடுவே வந்து, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தாள். இரண்டு காலிலும் முடிச்சுகள்.

"எனக்கும் இருக்கு. இந்தா எம்மகனுக்கும் வந்திருச்சு. அதுக்குத்தான் என்னைய ராசிங்காபுரத்துல வெரட்டி விட்டாக. எங்களப் பெத்த அப்புக்கும் இருந்துச்சு, ஆத்தாதான் யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்குச்சு." பிறகு என் கணவரைப் பார்த்தாள். "அண்ணே, மதினி மேல பழி போட்டது போதும். கைநாட்டு வையி."

சீறிய பங்காளி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். என் கணவர் பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. வேட்டி கணுக்காலிலேயே கிடந்தது.

போடிக்கு ரயில் வராத காலம். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மாட்டுவண்டியில் மூன்று நாள். மதுரையில் மயக்க மருந்து கொடுத்து முடிச்சை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு பீங்கான் தட்டில் வைத்துக் காட்டினார்கள். சின்னக் காளான் மாதிரி, மேலே வெள்ளையாக வழவழப்பாக இருந்தது. இதற்காகவா என் பிள்ளையைச் சுட்டீர்கள், இதற்காகவா என்னைக் கோவிலில் தள்ளி நிறுத்தினீர்கள் என்று அந்தத் தட்டைப் பார்த்தே கத்தலாம் போல இருந்தது.

பாதம் முழுவதும் திரும்பவில்லை. ஆறு மாதம் கழித்துக் கட்டைவிரல் அசைந்தது. ஒரு வருடத்தில் பாதி தூக்கினாள். மீதிப் பாதியை நாங்கள் தாமதித்த மாதங்கள் பிடித்துக்கொண்டன. போடியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் கணுக்காலிலிருந்து பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும்படி தோல்வார் ஒன்று தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு போடிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நான் அங்கேயே வீடு பிடித்து, ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காம்பு ஆயவும் தரம் பிரிக்கவும் போனேன். நாத்தனார் மகனோடு ராசிங்காபுரத்துக்கே போய், இது சாபம் அல்ல என்று மலையாளத்து டாக்டரிடம் எழுதி வாங்கிய காகிதத்தை ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால் வாசிக்கவைத்துப் புருஷன் வீட்டுக்குள் நுழைந்தாள். வாசித்தது நான்தான்.

மகளுக்குப் பதினேழு வயதில் முடிச்சுகள் வளர்வது நின்றது, டாக்டர் சொன்னபடியே. அவள் குள்ளம்தான், வலது கை வளைவுதான். பெண் கேட்டு வந்தவர்களிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் தகப்பனைத் திட்டாமல் என்னால் சொல்ல முடியாது. இரண்டு குடும்பம் எழுந்து போனது. இரண்டாவது தடவை, அவர்கள் போன பிறகு, மகள் தோல்வாரைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஆத்தா, அப்பு மறைச்சாக, சரி. எனக்குச் சூடு போடுற வரைக்கும் நாலு வருசம் நீயும்தானே வாயத் திறக்கல?"

உலையில் அரிசி போட மறந்து அப்படியே நின்றேன். அவள் குற்றம் சாட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நாத்தனாருக்காக என்று சொல்லிப் பார்த்தேன். அந்த நாத்தனார்தான் கடைசியில் வாய் திறந்தவள்.

மகள் கல்யாணம் வேண்டாம் என்றாள். படித்த பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புக்கு டீச்சரானாள்.

அவளுக்கு இருபது வயதானபோது நாத்தனார் போடிக்கு வந்தாள். "மதினி, அண்ணனுக்குத் தொடையில வீங்கிப்போச்சு. ஒரு வருசமா மறைச்சிருக்காரு" என்றாள். வளர்த்தி நின்ற பிறகு முடிச்சு பெருத்தால் காத்திருக்கக் கூடாது என்பதை அவள் மூலமாகவே நான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முன்பே வந்திருந்தால் பார்த்திருக்கலாம், இப்போது நெஞ்சுவரை போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

நானும் மகளும் சிலமலைக்குப் போனோம். கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டு கிடந்தார். வீக்கம் போர்வைக்கு மேலேயே பானை மாதிரித் தெரிந்தது, அப்போதும் போர்வையைக் கையால் பிடித்திருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தோல்வாரை அவிழ்த்து, ஆப்பரேஷன் தழும்பை அவருக்குக் காட்டினாள். அவர் கையை நீட்டித் தொட்டார். கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு நான் தூக்கிக்கொண்டு போனேனே, அன்றைக்குத் தொட்டிருக்க வேண்டிய கை. அவள் அழுதாள். பத்தாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து கிளம்பும்போது மாமியார் என்னைக் கூப்பிட்டார். கண் மங்கியிருந்தது. என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"எம்மாமியாளும் என்னையத்தான் சொன்னா. என் தலையிலதான் பழியப் போட்டா. எம்புருசனும் வாயத் திறக்கல."

"அப்ப உங்களுக்குத் தெரியும்ல, அது எப்படி இருக்கும்னு? பெறகு எதுக்கு எனக்கு அதையே செஞ்சீக, அத்தை?"

அவர் என் கையை விடவில்லை. "நீ வந்து, பழி ஒன் தலைக்கு மாறுன பெறகுதான் என்னையப் பேசுறது நின்னுச்சு" என்றார்.

கையை உருவிக்கொண்டேன். மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது. போடிக்கு வண்டி பூட்டச் சொன்னேன்.